பட்டாணி வயலில் சுடும் உரிமை

இங்கிலாந்தில் எங்கள் நார்ஃபோக் பக்கத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வாங்குவது பெரிய காரியமல்ல. போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பார். துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியின் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். கணவருக்கு அடிக்கடி கோபம் வருமா என்று மனைவியிடம் தனியாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். சில வாரங்களில் காகிதம் வந்துவிடும். அந்தத் துப்பாக்கியோடு போய் நிற்க ஒரு வயல் கிடைப்பதுதான் கஷ்டம். ஏனென்றால் வென்டில்ஹாம் சுற்றுவட்டாரத்தில் எல்லா வயல்களும் ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கின்றன. நிலத்தைச் சொல்லவில்லை. நிலம் விவசாயியுடையது. அதில் புறாவும் முயலும் சுடுவதற்கான அனுமதியைச் சொல்கிறேன்.

அனுமதிகளைக் காப்பதற்கென்றே இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. பெயர், வென்டில்ஹாம் பயிர்ப் பாதுகாப்புக் கனவான்கள் சங்கம். உறுப்பினர்கள் இருபத்தைந்து பேர். ஊர் மண்டபத்தின் சாவி என்னிடம் இருப்பதாலும், என்னிடம் துப்பாக்கி இல்லாததாலும், கூட்டக் குறிப்பெழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒன்பது வருடம் எழுதினேன். கடைசி வருடக் கணக்கு இப்போதும் நினைவிருக்கிறது: சங்கம் கூடியது முப்பத்தொரு தடவை, எல்லாருமாகச் சேர்ந்து சுட்ட புறா இருபத்தாறு.

விதிகள் நிறைய. நிலக்காரரிடம் யாரும் நேராகப் போய் அனுமதி கேட்கக் கூடாது. அனுமதி வைத்திருப்பவர் இறந்தாலோ தானாக விட்டுக்கொடுத்தாலோதான் வரிசையில் அடுத்தவருக்கு அது போகும். இறந்தால் பதினான்கு நாள் துக்கம். அந்தப் பதினான்கு நாளும் அந்த வயலை ஒட்டிய சாலையில் யாரும் காரை மெதுவாக ஓட்டக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு விவசாயிக்கு ஒரு புட்டி விஸ்கி கொடுக்கலாம். அது பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் லஞ்சம்.

இதில் எதுவும் நெவில் தர்ட்டிலுக்குத் தெரியாது. அவர் துணி துவைக்கும் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஐம்பத்து நான்கு வயது, அதிகம் பேசாதவர். மாமா விட்டுப் போன இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. திருவிழாவில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுட்டதைத் தவிர அதைப் பெரிதாகப் பயன்படுத்தியதில்லை.

மே மாதம் ஒரு காலையில் ஹிலரி காட்ஸ் வீட்டு இயந்திரத்தைப் பார்க்கப் போனார். ஹிலரி அறுபத்தொரு வயதுப் பெண்மணி. அப்பா போனபின் தனியாகவே பண்ணையை நடத்துகிறவர். அந்த வருடம் அறுபது ஏக்கரில் பட்டாணி போட்டிருந்தார். குளிர்பதன ஆலை ஒன்றுக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். நெவில் சமையலறைத் தரையில் படுத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வெளியே வயல் அசைந்தது போல இருந்ததாம். எழுந்து பார்த்தால் பச்சையே தெரியவில்லை, எல்லாம் சாம்பல் நிறம். ஆயிரம் புறாவாவது இருக்கும். நாற்று நாற்றாகப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன.

பன் என்று ஒருவரிடம் அனுமதி இருப்பதாகவும், அவர் கிறிஸ்துமஸுக்குப் புட்டி கொடுப்பதோடு சரி என்றும், மூன்று தடவை போன் செய்தும் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார் என்றும் ஹிலரி புலம்பினார். பிறகு, “உங்கிட்ட துப்பாக்கி இருக்கா நெவில்?” என்று கேட்டார். நெவில் இருக்கிறது என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்தச் சனிக்கிழமை அவர் வேலியோரம் வலை கட்டி, மறைவில் உட்கார்ந்து, முன்னால் நான்கு பொய்ப்புறாக்களை நட்டு, நாற்பத்தொரு புறாக்களைச் சுட்டார். ஆறு புறாக்களை ஹிலரிக்கு உரித்துக் கொடுத்தார். வயல் கதவைச் சரியாகச் சாத்திவிட்டு வந்தார். மறுநாள் ஒரு புறாகூட வயலில் இறங்கவில்லை. ஹிலரி பேக்கரிக் கடையில் நின்று எல்லாரிடமும் அதைச் சொன்னார். அதுதான் தப்பாகப் போயிற்று.

திங்கட்கிழமை நெவில் வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு பச்சைக் கார் வந்து நின்றது. உள்ளே ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டை அவர் பார்க்கவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வேறு கார், வேறு ஆள், அதே போல ஃபிளாஸ்க். புதன்கிழமை தபாலில் ஒரு உறை வந்தது. அதற்குள் ஒரு காலித் தோட்டா. அவர் வயலில் பொறுக்க மறந்த ஒன்று. அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, ஒரு அட்டையில் தேதியும் நேரமும் எழுதி நூலில் கட்டியிருந்தார்கள். கடிதம் எதுவும் இல்லை.

அந்த வாரமே ஏழு வீடுகளிலிருந்து போன் வந்தது. இயந்திரம் தானாகவே சரியாகிவிட்டது, வரவேண்டாம் என்றார்கள். நெவிலின் மனைவி மொரீன் திரைச்சீலைகளைப் பகலிலும் இழுத்துவிடத் தொடங்கினார். பிறகு சங்கத் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. மண்டபத்தில் தேநீர் விருந்துக்கு நெவில் வரவேண்டும் என்று. அழைப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். என்ன விருந்து என்று அவர் கேட்டார். பிஸ்கட் இருக்கும் என்றேன்.

தலைவர் காட்ஃப்ரி லார்ட்டர். சுற்றியுள்ள எட்டு ஊர்களுக்கும் பட்டாணி அறுவடை இயந்திரங்கள் அவருடையவைதான். பட்டாணி பக்குவத்துக்கு வந்தால் சில மணி நேரத்தில் அறுத்தாக வேண்டும். விட்டால் முற்றிவிடும், ஆலை வாங்காது. யார் வயலுக்கு முதலில் இயந்திரம் போகும், யார் வயலுக்கு ஒருநாள் தாமதமாகும் என்பது லார்ட்டரின் கையில் இருந்தது. அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருந்ததும் இல்லை.

அன்று மண்டபத்தில் இருபத்தைந்து பேரும் வந்திருந்தார்கள். நெவிலுக்கு நடுவில் ஒரு நாற்காலி. லார்ட்டர் மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

“மிஸ்டர் தர்ட்டில், உங்கள யாரும் குத்தம் சொல்லல. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களாலதான் எல்லாக் கேடும் வருது.”

“அந்தம்மா கேட்டாங்க, சுட்டுக் குடுத்தேன்,” என்றார் நெவில். “அவங்க நிலம்தானுங்களே?”

“நிலம் அவங்களதுதான். அதுல யாருக்கும் சந்தேகமில்ல. அனுமதி பேசில் பன்னோடது. அவங்க நிலம், இவரோட அனுமதி. நாப்பது வருஷமா இப்படித்தான் எல்லாரும் நிம்மதியா இருக்கோம். நிலக்காரங்களே அனுமதி குடுக்க ஆரம்பிச்சா அப்பறம் நாங்க எதுக்கு?”

பேசில் பன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். எழுபத்தாறு வயது. ஹிலரியின் அப்பா தனக்கு மதுக்கடையில் வைத்து எழுதிக்கொடுத்த சீட்டை, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். “பதினோரு வருஷமா அந்த வயல்ல நான் ஒரு தோட்டா வெடிக்கல,” என்றார். “அத்தன பத்திரமா வெச்சிருக்கேன்.”

வரிசையில் அடுத்தவர் ஆல்வின் மேஸ். பன்னை விட ஐந்து வயது இளையவர். அந்த வயலுக்காகப் பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தவர். பதினோரு வருடம் சுடாதவரிடம் இருப்பது அனுமதி ஆகாது, வெறும் ஞாபகம் என்றார். முழங்கால் அறுவை சிகிச்சையின்போதே தான் முறைப்படி பூங்கொத்து அனுப்பியதாகவும் சொன்னார்.

“அனுப்பினான்,” என்றார் பன். “கூடவே ரெண்டு அட்டை. ஒண்ணுல சீக்கிரம் குணமாகணும்னு இருந்துது. இன்னொண்ணுல ஆழ்ந்த அனுதாபம். எது தேவையோ என் பொண்டாட்டி எடுத்துக்கட்டும்னு.”

“முன்யோசனை,” என்றார் மேஸ்.

இப்படி இரண்டரை மணி நேரம் போயிற்று. நெவில் ஒரே ஒரு தடவை கையைத் தூக்கி, இதற்கிடையில் பட்டாணியை என்ன செய்வது என்று கேட்டார். பட்டாணி நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார் லார்ட்டர். நிரலைத் தயார் செய்தவள் நான். அது உண்மைதான்.

முடிவு இது: வழக்கு தீரும்வரை ஹிலரி காட்ஸின் வயலில் யாரும் சுடக்கூடாது. ஆனால் பன்னும் மேஸும் தங்கள் தங்கள் உரிமை காலாவதியாகாமல் இருக்க, தினமும் துப்பாக்கியோடு வயலோரம் இருக்கலாம். நெவில் இனிமேல் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்று நெவில் கேட்டார். ஒன்றும் ஆகாது, நாங்கள் யாரையும் மிரட்டுகிறவர்கள் இல்லை என்று சொல்லி லார்ட்டர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு ஹிலரியின் வயல் இந்த வருடம் அறுவடை வரிசையில் எத்தனையாவது என்று தான் இன்னும் முடிவு செய்யவில்லை என்று, யாரையும் பார்க்காமல், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

மறுநாளிலிருந்து பன் கிழக்கு வேலியில், மேஸ் மேற்கு வேலியில். இருவரும் வலை கட்டி மறைவில் உட்கார்ந்தார்கள். மதியத்துக்கு அவரவர் சாண்ட்விச். மழைக்கு அவரவர் தார்ப்பாய். யாரும் சுடவில்லை. வயலுக்குக் குறுக்கே ஒருவரையொருவர் தொலைநோக்கி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புறாக்கள் முதல் இரண்டு நாள் தயங்கின. மூன்றாம் நாள் பன்னின் மறைவு மேலேயே ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. அதன்பின் பக்கத்து ஊர்ப் புறாக்களும் வந்தன.

ஹிலரி லார்ட்டருக்கு எழுதினார். போய்ப் பார்த்தார். அறுவடை வரிசை பற்றி அவர் பேச்சுவாக்கில் எதையோ சொல்லியிருக்கிறார். ஹிலரி திரும்பி வந்துவிட்டார். இரண்டு வேலிகளிலும் துப்பாக்கிகள் இருக்க, சமையலறை ஜன்னலில் நின்றபடி தன் பயிர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக என்னிடம் சொன்னார். அதை நான் குறிப்பில் எழுதவில்லை. கூட்டத்துக்கு வெளியே சொன்னதை எழுதுவது வழக்கமில்லை.

ஜூன் நடுவில் ஒரு நாள் ஹிலரி நெவிலுக்குப் போன் செய்தார். துப்பாக்கி வேண்டாம், வந்து சத்தமாவது போடு என்றார். நெவில் போக வேண்டாம் என்று மொரீன் தடுத்திருக்கிறார். “ஒரு தகரத்தத் தட்டறதுக்குக்கூடவா அனுமதி வேணும்?” என்று சொல்லிவிட்டு நெவில் பழைய இயந்திரம் ஒன்றின் பின்தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாராம்.

வயலின் நடுவில் போய் நின்று தட்டினார். ஆயிரம் புறாக்களும் ஒன்றாக எழுந்தன. எழுந்த கூட்டம் தாழ்வாகவே பறந்து இரண்டு வேலிகளுக்கும் நடுவில் சுழன்றது. பதினோரு வருடமும் பத்தொன்பது வருடமும் அந்த ஒரு நொடியில் பொறுக்க முடியாமல் போயிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் துப்பாக்கி வெடித்தது. ஒரே சத்தமாகத்தான் கேட்டது என்று ஹிலரி சொன்னார். புறா ஒன்றுகூட விழவில்லை. நெவில் விழுந்தார்.

தோட்டாவிலிருந்து சிதறிய ஈயச் சன்னங்கள் தோளில் ஒன்பது, காதில் இரண்டு, இடது கண்ணில் ஒன்று. கண் போய்விட்டது.

அதற்குப் பின் நடந்ததுதான் காவலர் யாக்ஸ்லிக்குப் புரியவில்லை. அந்தப் பெண் வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. முதலில் பன் போலீஸ் நிலையத்துக்குப் போய், சுட்டது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார். அவர் படி இறங்குவதற்குள் மேஸ் ஏறிவந்து, அவன் பொய் சொல்கிறான், சுட்டது நான்தான் என்றார். இருவரும் விளைவுகளைத் தெரிந்துதான் சொல்கிறார்களா என்று யாக்ஸ்லி கேட்டார். நன்றாகத் தெரியும் என்றார் மேஸ். சங்க விதிப்படி அனுமதி உள்ளவர் மட்டுமே சுட முடியும். எனவே சுட்டவர் என்று பதிவாகிறவரே அனுமதி உள்ளவர். போலீஸ் பதிவைவிடப் பெரிய பதிவு வேறு என்ன இருக்கிறது?

ஈயச் சன்னத்தை வைத்து எந்தத் துப்பாக்கி என்று சொல்ல முடியாது. காலித் தோட்டாவும் உதவவில்லை, சங்கம் எல்லாருக்கும் ஒரே தோட்டாவைத்தான் மொத்தமாக வாங்கித் தருகிறது. யாக்ஸ்லி இருவரின் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, விசாரணை நடக்கிறது என்று எழுதிவைத்தார். பன் தன் துப்பாக்கிக்கு ரசீது கேட்டு வாங்கி, அதையும் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் தனித்தனியாகப் போனார்கள். நான் பார்க்கப் போயிருந்தபோது கட்டிலருகே பன் உட்கார்ந்திருந்தார். மடியில் திராட்சைப் பை. நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கிழக்கேருந்து வந்துதுன்னு ஒரு வார்த்த சொல்லு நெவில். எனக்கு இனிமே இன்னொரு வயல் கிடைக்காது.”

“எந்தப் பக்கம்னு பாக்கலீங்க,” என்றார் நெவில். “புறாவப் பாத்துக்கிட்டிருந்தேன்.” பன் அழுதார். நெவில்தான் அவருக்குக் கைக்குட்டை கொடுத்தார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. அந்தக் கூட்டத்தின் குறிப்பு என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது. முதல் விஷயம், நெவில் தர்ட்டில் முன்னறிவிப்பின்றி வராதது குறித்து வருத்தம். இரண்டாவது, தலைவர் உரை.

“நம்ம சங்க வரலாறுல மொத தடவையா ரெண்டு பேரு ஒரே நேரத்துல சுட்டிருக்காங்க,” என்றார் லார்ட்டர். “சங்கம் செத்துப்போச்சுன்னு சொன்னவங்களுக்கு இதுதான் பதில். வருத்தம் என்னன்னா, யாரு மொறையோட சுட்டாங்க, யாரு மொற தவறிச் சுட்டாங்கன்னு தெரியல. மொறையோட சுட்டதுல ஒருத்தருக்குக் கண்ணு போனா அது விபத்து. மொற தவறிச் சுட்டதுல போனா அது அவமானம். இத இப்படியே விட்டா, மிஸ்டர் தர்ட்டிலுக்கு நடந்தது என்னன்னு அவருக்கே தெரியாமப் போயிடும்.”

எல்லாரும் தலையசைத்தார்கள். சுட்டது யார் என்று தெரியாததால் சங்கமே சுட்டதாகக் கொள்வது, எனவே அனுமதி சங்கம் முழுவதற்கும் பொது என்று தீர்மானமாயிற்று. அதை நிலைநாட்ட, வரும் சனிக்கிழமை துப்பாக்கி உள்ள இருபத்து மூன்று பேரும் அந்த வயலில் ஒன்றாக நிற்க வேண்டும். துப்பாக்கி இல்லாத பன்னும் மேஸும் மரியாதைக்காக நிற்கலாம். நிகழ்ச்சியைப் பதிவு செய்ய நான் போகவேண்டும்.

இடங்களைப் பங்கிடும் படத்தை என்னிடம் வரையச் சொன்னார்கள். வயலைச் சுற்றி வேலியோரம் சம தூரத்தில் இருபத்து மூன்று மறைவுகள். வரைந்து முடித்ததும் பென்சிலை வைத்துவிட்டு ஒரு தடவை பார்த்தேன். எல்லாருக்கும் முதுகுப் பக்கம் வேலி. எல்லாத் துப்பாக்கியும் உள்நோக்கி. எல்லாரும் எல்லாருக்கும் நேர் எதிரே. லார்ட்டரிடம் காட்டினேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாருக்கு,” என்றார். “யாரும் யாருக்கும் முதுகு காட்டல.”

சனிக்கிழமை மதியம் ஹிலரியின் சமையலறையில் உட்கார்ந்துதான் நான் எழுதினேன். நெவிலும் இருந்தார். கண்ணில் கட்டு. கண் போனது தன்னால்தான் என்று ஹிலரி நினைத்துக்கொண்டு, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட அப்பம் மேஜையில் இருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

வயலில் பட்டாணி இல்லை. அங்கங்கே காம்புகள் மட்டும் நின்றன. ஆலைக்காரர்கள் வியாழக்கிழமையே வந்து பார்த்து ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டார்கள். தின்ன ஒன்றும் இல்லாததால் புறாக்களும் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தன. காலையிலிருந்து ஒரு சிட்டுக்குருவிகூட அந்தப் பக்கம் பறக்கவில்லை. ஆனாலும் கார்கள் வந்தன. ஆட்கள் இறங்கினார்கள். வாசலைத் தாண்டும்போது ஒவ்வொருவராகத் தொப்பியைத் தூக்கி ஹிலரிக்கு வணக்கம் சொன்னார்கள். கதவை ஒழுங்காகச் சாத்தினார்கள். இரண்டு மணிக்கு எல்லாரும் மறைவுகளுக்குள் போய்விட்டார்கள். வேலி வெறும் வேலியாகத் தெரிந்தது. கூர்ந்து பார்த்தால் மட்டும் இலைகளுக்கு நடுவில் குழல்கள்.

அரை மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. காற்றுகூட இல்லை. வெறும் வானத்தை நான் பார்த்தேன், எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. யாராவது ஒருவர் முதலில் சுட்டால் அது யாருடைய பெயரில் பதிவாகும் என்று அந்த இருபத்து மூன்று பேரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்தச் சங்கத்தில் எனக்கு ஒன்பது வருட அனுபவம்.

மூன்று பத்துக்கு வெடித்தது. வடக்கு மூலையிலிருந்து ஒரு தடவை. வானத்தில் ஒன்றுமில்லை. எதிர் வேலியில் யாரோ கத்தினார்கள்.

நெவில் எழுந்துவிட்டார். அடிபட்டவர்களுக்கு உதவப் போகிறேன் என்று வாசலுக்கு நடந்தார். ஹிலரி அவருக்கு முன்னால் போய்க் கதவைப் பூட்டி, சாவியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“என் நிலத்துல யாரு கால வைக்கலாம், வைக்கக் கூடாதுன்னு இத்தன வருஷத்துல நான் சொன்னதே இல்ல. மிஷின் வராமப் போயிடுமோன்னு பயந்துட்டு வாய மூடிட்டு இருந்தேன். இப்ப அறுக்கறதுக்கு ஒண்ணுமில்ல.” நாற்காலியைக் காட்டினார். “உனக்கு அனுமதி இல்ல நெவில். உக்காரு.”

நெவில் உட்கார்ந்தார். தெற்கிலிருந்து இன்னொரு வெடி கேட்டது. அதற்கு மேற்கிலிருந்து பதில் வந்தது. பிறகு இரண்டு சேர்ந்து. ஹிலரியின் நாய் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது. நான் நேரத்தை எழுதுவதை நிறுத்தினேன்.

ஹிலரி போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தார். ஊர் சொன்னார், பண்ணைப் பெயர் சொன்னார். எத்தனை பேருக்கு அடி என்று மறுமுனையில் கேட்டார்கள் போலிருக்கிறது. திரையை விரலால் கொஞ்சம் விலக்கி வெளியே பார்த்தார்.

“மொத்தம் இருபத்தஞ்சு பேரு வந்திருக்காங்க,” என்றார். “இன்னும் முடியல. கொஞ்சம் பொறுங்க, எண்ணிச் சொல்றேன்.”